எட்டு மாதம் மட்டுமே நம்மோடு இருந்தவர்: வண. வில்லியம் ஓல்ட்

நம் சங்கத்துக்கு நூறு வயது. இந்த மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நமது அதிபர்களுள் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத என்னிலும் மூத்த அக்காமார் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டவர் நமது பாடசாலை வாசலை ஒரு நாளும் மிதிக்காதவர். பெண்பிள்ளைகளுக்கென்று மட்டக்களப்பில் ஒரு வகுப்பு நடப்பதைக் காண்பதற்கு முன்பே மண்ணுக்குள் போனவர். ஆனாலும் வாவிக்கரையில் ஆங்கிலமும் தமிழும் எழுதப் படித்த நம்மில் யாருடைய கதையைப் பின்னோக்கிச் சொன்னாலும், அது அவரிடத்தில் போய் ஒரு கணம் நிற்கும்.

நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் என் பக்கத்தில் மெதடிஸ்த, கத்தோலிக்க, இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஓல்ட் அடிகளாரை ஒரு சமயத்தின் சொத்தாக நான் பார்ப்பதில்லை. ஒரு வைத்தியராக அவரது வாழ்க்கை என்னை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. அது நோயும் சாவும் நிறைந்த ஒரு சிறிய வாழ்க்கை. அதற்குள் இவ்வளவு எப்படி அடங்கியது என்பதே என் கேள்வி.

கடலில் விட்ட இருவர்

இங்கிலாந்து மெதடிஸ்தர்கள் ஆசியாவுக்கு ஊழியரை அனுப்பத் தீர்மானித்தது 1813இல். அதற்காக ஓயாமல் வாதாடியவர் வேல்ஸ் நாட்டில் பிறந்த டொக்டர் தோமஸ் கோக். அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பதினெட்டு முறை கடந்தவர் அவர். அறுபது வயதைத் தாண்டிய பின்பும் இலங்கைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். செலவுக்குப் பணமில்லை என்று சபை தயங்கியபோது தமது சொந்தப் பணத்தில் ஆறாயிரம் பவுண் வரை தருவதாக ஒப்புக்கொண்டார். இலங்கையில் அப்போது பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனும் இத்தகைய ஊழியர் வரவேண்டும் என்று விரும்பியவர்களில் ஒருவர். பப்திஸ்து மிசனைச் சேர்ந்த ஜேம்ஸ் சேற்றர் 1812இலேயே கொழும்புக்கு வந்துவிட்டார். தமிழர் வாழும் வடக்கிலும் கிழக்கிலும்தான் இடம் காத்திருந்தது.

1813 டிசெம்பர் இறுதியில் கபால்வா, லேடி மெல்வில் என்ற இரு கப்பல்களில் கோக்கின் குழு புறப்பட்டது. ஹார்வாட், கிளவ், லிஞ்ச், எர்ஸ்கின், ஸ்குவான்ஸ், ஓல்ட் ஆகியோர் அதில் இருந்தனர். மனைவியோடு வந்தவர்கள் ஹார்வாட்டும் ஓல்ட்டும் மட்டுமே.

கப்பலேறிச் சில வாரங்களில், 1814 பெப்ரவரியில், திருமதி ஓல்ட் இறந்தார். சயரோகம். இன்று ஆறு மாத மாத்திரையில் மாற்றிவிடுகிற நோய். அந்த நோயின் கிருமியை றொபேர்ட் கொக் கண்டுபிடிக்க இன்னும் 68 ஆண்டுகள் இருந்தன. அதற்கு மருந்து கிடைக்க நூற்றுமுப்பது ஆண்டுகள் இருந்தன. காற்றோட்டமில்லாத ஒரு சிறு கப்பலறையில், உப்பிட்ட உணவில், குளிரிலிருந்து வெக்கைக்குப் போகும் பாதையில் ஒரு சயரோகிப் பெண் எப்படித் தாங்கியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய உடலைக் கடலில் விட்டார்கள். ஓல்ட் அடிகளாருக்குத் திரும்பிப் போய் ஒரு பூ வைக்க இடமில்லாமல் போயிற்று.

மே மாதம் 3ஆம் திகதி காலையில் டொக்டர் கோக் தமது அறையில் இறந்து கிடந்தார். அவரையும் இந்து சமுத்திரத்திலேயே விட்டார்கள். குழுவின் தலைவர் அவர்; பணமும் அறிமுகக் கடிதங்களும் அவர் பெயரில் இருந்தன. மூன்று கிழமையில் பம்பாயில் இறங்கியவர்கள் கையில் காசுமில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. கப்பல் தலைவரும் பம்பாயில் இருந்த ஓர் ஆங்கில வர்த்தகரும் கைகொடுத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹார்வாட் தம்பதியர் பம்பாயில் தங்க, மற்ற ஐவரும் வேறு கப்பலேறி 1814 ஜூன் 29இல் காலித் துறையில் இறங்கினர்.

ஐவர், நான்கு ஊர்கள்

காலியில் அவர்களை வரவேற்று உபசரித்தவர் அங்கு படைத்தலைவராக இருந்த மோல்ஸ்வேர்த் பிரபு. தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: முக்கிய ஊர்களில் ஆங்கிலப் பாடசாலை தொடங்கினால் அரசு மாதந்தோறும் ஒரு தொகை தரும். ஊர்த் தலைவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றால் நிர்வாகத்துக்கு ஆள் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. பள்ளிக்கூடம் வழியாக மக்களை நெருங்கலாம் என்பது ஊழியர்களின் கணக்கு. இரண்டு கணக்கும் சந்தித்த இடத்திலேதான் நமது பிரதேசத்தின் ஆங்கிலக் கல்வி பிறந்தது. இதை மூடி மறைத்துப் புகழ வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஐவரும் கூடி இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு. எர்ஸ்கின் மாத்தறைக்கு. கிளவ் காலியிலேயே. மட்டக்களப்புக்கு ஓல்ட், தனியாக. காலியும் மாத்தறையும் ஒரு நாள் பயணத் தூரம். யாழ்ப்பாணம் போனவர்கள் இருவர். மனைவியைக் கடலுக்குக் கொடுத்து ஐந்து மாதமே ஆன ஒருவர்தான், குழுவில் எல்லோரிலும் தனிமையான இடத்துக்குப் போனார்.

தோணியில் வந்தார். நினைத்ததிலும் பல நாள் கூட எடுத்த பயணம், வெயிலுக்கு மறைப்பில்லை. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தென்கிழக்குக் கரையோரமாகப் போய்வந்தவர்களைக் கேட்டால் அந்தப் பயணம் என்னவென்று சொல்வார்கள். ஆடி முடியும் பருவத்தில் அவர் புளியந்தீவில் கரையேறினார்.

அந்த நாளைய மட்டக்களப்பு

நாம் அறிந்த ஊரை மறந்துவிட்டு அந்த ஊரைப் பார்க்க வேண்டும். கல்லடிப் பாலம் இல்லை. அது வர இன்னும் 110 ஆண்டுகள். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் தோணிதான் வழி. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்து, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டை. அதற்குள் ஒரு சிறு படைப்பிரிவு. வெளியே சில அரச உத்தியோகத்தர், ஒல்லாந்த வழித்தோன்றல்கள், முக்குவர், கரையார், வேளாளர், சோனகர் என்று பல குடிகள். மேற்கே காட்டைத் தாண்டினால் வேறு நாடு: கண்டி இராச்சியம் இன்னும் சுதந்திரமாக இருந்தது. கொழும்புக்குக் கடிதம் போய் மறுமொழி வர வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே படிப்பே இருக்கவில்லை என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசிச் சடங்கில் வழக்குரை பாடினார்கள். களரி கட்டி விடிய விடியக் கூத்தாடினார்கள். பள்ளிவாசல்களில் குர்ஆன் ஓதக் கற்பித்தார்கள். ஓல்ட் அடிகளார் கொண்டுவந்தது அறிவின் முதல் விளக்கு என்று சொல்லமாட்டேன். அவர் கொண்டுவந்தது ஒரு புதிய வகைப் பாடசாலை: நேரம் குறித்து, வகுப்பு வகுத்து, அச்சிட்ட புத்தகத்தோடு, எந்த வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கக்கூடிய இடம். அந்த வாங்கு முழுமையாக வருவதற்குப் பின்னும் நெடுங்காலம் எடுத்தது என்பது வேறு கதை.

எட்டு மாதத்து வேலை

வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை தமிழ் படிக்கத் தொடங்கியது. கோட்டையில் இருந்த படைவீரருக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் ஆராதனை நடத்தினார். பிள்ளைகளைச் சேர்த்து ஆங்கிலப் பாடசாலையை ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1814ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டு 2014இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய கல்லூரி அது. பட்டணத்தோடு நில்லாமல் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறு பாடசாலைகளைத் தொடங்கினார். அவற்றிலே கற்பித்தவர்கள் உள்ளூர்த் தமிழர். மொழிபெயர்த்தவர்களும் அவர்களே, பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளை அழைத்து வந்தவர்களும் அவர்களே. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ஓல்ட் அடிகளாரின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரில்லாத ஆசிரியர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு மாரியை அவர் இங்கே கண்டார். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும், வாவி நிரம்பி வயலும் வழியும் ஒன்றாகும் காலம். தோணியேறி, நனைந்து, ஊரூராய்ப் போய் வருகிற ஒருவருக்கு அது நல்ல காலமல்ல. மழை விட்டதும் தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். கிணறுகளில் வெள்ளம் கலந்திருக்கும். அந்த நாளில் வெப்ப நாடுகளுக்கு வந்த ஐரோப்பியரை வாரிக்கொண்டு போனவை மூன்று: மலேரியா, சீதபேதி, நெருப்புக்காய்ச்சல். நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை றொனால்ட் றொஸ் காட்டியது 1897இல். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தது 1820இல். நெருப்புக்காய்ச்சல் தனியொரு நோய் என்று வைத்தியர்கள் தெளிந்ததும் அதற்குப் பிறகுதான். 1815இல் வைத்தியர்கள் செய்தது பெரும்பாலும் இரத்தம் இறைப்பதும் பேதிக்குக் கொடுப்பதும். ஏற்கெனவே நீர் வற்றிய உடலுக்கு இரண்டுமே கேடு.

பெரும்போக வெள்ளாமை வீடு சேரும் பருவத்தில் அவர் உடல் நலிந்தது. 1815 மார்ச் 2இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது; தீவு முழுவதும் ஒரே ஆட்சி என்ற செய்தி கிழக்குக்கு வந்து சேர்ந்த காலத்தில் அவர் தளர்ந்து போயிருந்தார். மார்ச் 26 உயிர்த்த ஞாயிறு. அதற்கு ஆறாம் நாள், ஏப்ரல் 1ஆம் திகதி, வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் காலமானார். பக்கத்தில் சக ஊழியர் ஒருவர்கூட இல்லை. நோயாளிக்கு நீர் பருக்கி, உடுப்பு மாற்றி, இரவில் விழித்திருந்தவர்கள் இந்த ஊர் மக்களாகவே இருந்திருப்பார்கள். இலங்கைக்கு வந்த மெதடிஸ்த ஊழியருள் முதலில் இறந்தவர் அவர். மட்டக்களப்பு மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு சாவு. காலியில் அவர்களை வரவேற்ற மோல்ஸ்வேர்த் பிரபு மனைவியோடு தாயகம் திரும்புகையில் ஆர்னிஸ்ரன் என்ற கப்பல் தென்னாபிரிக்கக் கரையில் உடைந்து, இருவரும் கடலில் போனார்கள்.

தோழர்களும் அவரும்

கூட வந்தவர்கள் பலர் நீண்ட நாள் வாழ்ந்து பெரிய காரியங்கள் செய்தனர். கிளவ் சிங்கள அகராதியும் பாளி இலக்கணமும் செய்தார். ஹார்வாட் பிறகு கொழும்புக்கு வந்து அச்சுக்கூடம் நடத்தி, இந்த மிசனின் வரலாற்றை 1823இல் நூலாக வெளியிட்டார். லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போய் அங்கு மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கினார். எர்ஸ்கின் அவுஸ்திரேலியா வரை போனார். ஓல்ட் ஒரு நூலும் எழுதவில்லை, அகராதி செய்யவில்லை. தமிழைச் சரளமாகப் பேசுமளவுக்குக்கூட அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் தொடங்கியது நிற்கவில்லை. அவரது சாவுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியிலும் எழுத்தறிந்த சில பிள்ளைகள் இருந்தார்கள். பின்வந்தவர்கள் வெறும் நிலத்தில் தொடங்க வேண்டியிருக்கவில்லை. 1820இல் வாவிக்கரையில் பெண்பிள்ளைகளுக்கான மெதடிஸ்த பாடசாலை உருவாயிற்று. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிசனின் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். ஆகவே கிழக்கு மாகாணத்துப் பெண்கல்வி வடக்குக்குப் பின்னால் வந்தது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

1840கள் அளவில் ஊழியம் காட்டோரத்து வேடர் குடியிருப்புகள் வரை போயிருந்தது. வாவியோரக் கிராமங்களில் சிறு கோவில்களும், ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பாடசாலையும், சற்றுத் தள்ளி ஒரு சவக்காலையும் தோன்றின. கோவில், பள்ளிக்கூடம், சவக்காலை: இந்த மூன்றும் சேர்ந்ததே ஒரு கிராமத்துச் சபை. பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற நாள், எழுதத் தொடங்கிய நாள், அடக்கம் பண்ணிய நாள் ஆகிய மூன்றும் ஒரே கையெழுத்தில் பதிவான வீடுகள் உண்டு.

கல்லும் மணலும்

நான் கடமையாற்றிய கிராமங்களில் பழைய சவக்காலைகளுக்குள் நடந்து பார்த்திருக்கிறேன். வைத்தியருக்கு அது ஒரு பாடப்புத்தகம். ஒரே ஆண்டில் ஒரே வீட்டில் மூன்று சின்னக் கல்லறைகள் தெரிந்தால், அந்த ஆண்டில் ஊரில் என்ன வந்தது என்று ஊகிக்கலாம். இருபது வயதுப் பெண்ணின் கல்லுக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு சிறு மேடு இருந்தால் சொல்லவே வேண்டாம், அது பிரசவம். இன்று நம் மாவட்டத்தில் தாய் ஒருத்தி பிரசவத்தில் இறந்தால் ஏன் என்று கேட்டு விசாரணை நடக்கும். மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. ஓல்ட் அடிகளார் இறந்து 201 ஆண்டுகளுக்குப் பின். இந்தத் தூரத்தை நாம் கடந்தோம் என்பதற்கு அந்தக் கல்லறைகளே அத்தாட்சி.

அந்த அத்தாட்சி அழிந்துகொண்டிருக்கிறது. நம் கரை மணற்கரை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்லறையை உப்புக்காற்று தின்னும். மரச் சிலுவை நாலைந்து மாரிக்கு மேல் நில்லாது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி கூரைகளையும் மரங்களையும் மட்டும் கொண்டுபோகவில்லை, பதிவேடுகளையும் நனைத்தது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது சில ஊர்களில் எல்லைக் கற்களே இல்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து கரையோரத்தை வழித்துப் போயிற்று. பெரியவர்களுக்குச் சிலையுண்டு: ஓல்ட் அடிகளாரின் உருவச்சிலை புளியந்தீவில், மட்டக்களப்பு வாயிலின் அருகே வாவியைப் பார்த்தபடி நிற்கிறது. அவரோடு கற்பித்தவர்களுக்கும், அவரிடம் கற்றவர்களுக்கும், அவருக்குப் பின் நூறு ஆண்டுகள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் வெண்கட்டி பிடித்த நம் பாட்டிமாருக்கும் இருப்பது மங்கிப்போகும் ஒரு வரி மட்டுமே. சிலருக்கு அதுவும் இல்லை.

ஆதலால் நூற்றாண்டைக் கொண்டாடும் நமக்கு ஒரு வேலையை முன்வைக்கிறேன். பணம் சேர்த்து மண்டபத்துக்கு நிறம் பூசுவதை யாரும் தடுக்கவில்லை. அதோடு இதையும் செய்வோம். ரொறன்ரோவிலிருந்தோ, லண்டனிலிருந்தோ, மெல்பேணிலிருந்தோ, கொழும்பிலிருந்தோ ஊருக்கு வரும்போது ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வெயில் சரிவாக விழும் அந்த நேரத்தில்தான் மங்கிய எழுத்து கண்ணுக்குத் தெரியும். கல்லைச் சுரண்ட வேண்டாம், அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டாம். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். பெயரையும் ஆண்டையும் இருக்கிறபடியே எழுதுங்கள், ஒரு படம் எடுங்கள். முதலில் சபைப் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். இஸ்லாமியத் தங்கைமார் உங்கள் மையவாடிகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எங்களைப் போலச் சுடலையில் எரித்துச் சாம்பலை நீரில் விடும் வீடுகளில் கல்லே இல்லை. அம்மம்மாவின் வாய்தான் கல்வெட்டு. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்: அவருடைய தாயின் பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு வரை, யார் படிப்பித்தார்.

எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். ஒரு கொப்பியில் தொடங்கட்டும். எட்டு மாதத்தில் ஒருவர் தொடங்கிய வேலைக்கு இருநூறு ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த வேலையைத் தொடர்ந்தவர்களின் கணக்கை எழுத நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலைப்பொழுது போதும்.